வீங்காத கால்

என் இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் கிடையாது. சேலைக் கரைக்குள் பிளாஸ்டிக் காலை எவ்வளவு மறைத்தாலும் நடையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். நாமக்கல் பக்கம் ஒருவருக்குக் கால் போனால் ஊருக்குத் தெரிந்த காரணம் இரண்டுதான். ஒன்று லாரி, இன்னொன்று சர்க்கரை. ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, "ஏனுங்க, லாரிங்களா, சக்கரைங்களா?" என்று கேட்டாள், டீயா காப்பியா என்று கேட்பது போல. "பாசமுங்க" என்றேன். அப்படியும் ஒரு வியாதியா என்று விழித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னேன்.

ராசிபுரம் போகிற வழியில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. கல்யாணமாகி வந்ததிலிருந்து என் உடம்பு அங்கேதான் தேய்ந்தது. கூண்டு வரிசைகளுக்கு நடுவே குனிந்து முட்டை எடுக்க வேண்டும், தீவன வண்டி தள்ள வேண்டும், தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் தரையில் மண்டியிட்டு நோண்ட வேண்டும். நாற்பது தாண்டியதும் முழங்கால் இரண்டும் என்னோடு சண்டைக்கு வந்துவிட்டன. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. அடுப்படியில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டுவிட்டு அழுதிருக்கிறேன்.

என் வீட்டுக்காரரின் தம்பி, எனக்குக் கொழுந்தனார், டவுனில் மெடிக்கல் வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் முட்டி வலி, இடுப்பு வலி என்று டாக்டரைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. மெடிக்கலுக்குப் போய் "முட்டி வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்பார்கள். அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி, ஒரு வேளைக்கு ஒன்று என்று சின்னச் சின்னக் காகிதப் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். அதுதான் செட் மாத்திரை. பிரித்தால் சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பெரிது பெரிதாக இருக்கும். அவற்றுக்கு நடுவே மிளகளவில் ஒரு குட்டி வெள்ளை மாத்திரை. அந்தக் குட்டிதான் எல்லா வேலையையும் செய்யும். அதற்கு ஸ்டீராய்டு என்று பெயர் என்பது எனக்குக் கால் போன பிறகு தெரிந்தது.

ஊருக்கெல்லாம் விற்கிற பொட்டலத்தை எனக்கு அவர் சும்மாவே கொண்டுவந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துக்கொண்டு வருகிறபோது கூடவே பொட்டலமும் வரும். "அண்ணி, சங்கடப்படாதீங்க. நான் எதுக்குக் கடை வெச்சிருக்கறனுங்க? ஊட்டுல இருக்கறவிய நொண்டிக்கிட்டுத் திரிஞ்சா என்ற பொழப்பு என்ன பொழப்பு?" என்பார். போட்ட அன்றே வலி போய்விடும். நோகாமல் நோம்பி கும்பிடுகிற மாதிரி இருந்தது. பசி எடுத்தது. வேலை ஓடியது. பழைய வலி திரும்பினால் என்ன ஆகும் என்ற பயத்தில் ஒரு நாளும் விடாமல் போட்டேன். வருஷக்கணக்கில் போட்டேன்.

முகம் உருண்டையாகிவிட்டது. கையில் லேசாக இடித்துக்கொண்டாலும் ஊதாவாகக் கன்றிப்போகும். தோல் வெங்காயச் சருகாகிவிட்டது. இதையெல்லாம் யார் பார்த்தார்கள்? வாழப்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அங்கே வந்திருந்த ஒரம்பரைப் பெண்கள், சொந்தக்காரிகள்தான், என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளி, "நெம்பப் பூரிச்சுப் போயிட்டீங்க. கோழி, முட்டைன்னு நல்லாச் சாப்புடறீங்களாட்ட இருக்குது!" என்றார்கள். என் வீட்டுக்காரருக்கு அதைக் கேட்டு முகமெல்லாம் பெருமை. பெண்டாட்டியைச் சோறு போட்டு வளர்த்த பெருமை.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோழி விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. வளர்கிற குஞ்சுகளுக்கு அம்மை நோய் வராமலிருக்க ஓர் ஊசி உண்டு. இரண்டு முள் வைத்த ஊசியை மருந்தில் தோய்த்து, இறக்கையின் மெல்லிய சவ்வில் குத்துவார்கள். அதற்கென்று ஆட்கள் கூட்டமாக வந்து ஒரே நாளில் கொட்டகை முழுவதும் குத்திவிட்டுப் போய்விடுவார்கள். போட்டதோடு வேலை முடியாது. ஒரு வாரம் கழித்து, இங்கொன்று அங்கொன்றாகக் கோழிகளைப் பிடித்து, இறக்கையை விரித்துப் பார்க்க வேண்டும். குத்திய இடத்தில் பட்டாணி மாதிரி வீங்கி, பொருக்குக் கட்டியிருக்க வேண்டும். அப்படியிருந்தால் ஊசி பிடித்திருக்கிறது. இறக்கை வழவழவென்று சுத்தமாக இருந்தால் ஊசி போட்டதும் ஒன்று, போடாததும் ஒன்று.

இந்தச் சோதனையை அவர் யாரையும் நம்பி விடமாட்டார். கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு இறக்கையாகத் தடவிப் பார்ப்பார். ஒருதடவை ஒரு வரிசையில் வீக்கமே இல்லை. ஊசி போட்ட ஆட்களை வரவழைத்துக் கத்தினாரே பார்க்கவேண்டும். "வெறுந்தண்ணியத் தொட்டுக் குத்துனீங்களாடா? மருந்து உள்ள போயிருந்தா ஒடம்பு சும்மா இருக்குமா? எந்திரிச்சு வந்து நிக்க வேண்டாமா? வீங்கலீன்னா ஒடம்பு தூங்குதுன்னு அர்த்தம்டா!" அந்த வரிசை முழுவதற்கும் திரும்ப ஊசி போட வைத்தார். நான் தீவன வண்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதே கொட்டகையில்தான் என் காலிலும் குத்தியது. பழைய கூண்டு ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். துரு ஏறின கம்பி ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு இடது பாதத்தில் ஆழமாக இறங்கிவிட்டது. கம்பியை நானே பிடுங்கினேன். ரத்தம் வந்தது, நின்றது. கொழுந்தனார் வண்டியில் ஓடிவந்து டிடி ஊசிக்குக் கூட்டிப்போனார், மருந்து வைத்துக் கட்டினார். அதுவரைக்கும் யார் மேலும் எனக்குக் குறையில்லை.

அடுத்தடுத்த நாட்களில் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். வீக்கம் இல்லை. சிவக்கவில்லை. சீழ் இல்லை. காய்ச்சல் இல்லை. ஒரு சின்ன ஓட்டை, அவ்வளவுதான். கொழுந்தனார், "பாத்தீங்களா அண்ணி, வேற ஆளா இருந்தா இந்நேரம் காலு பூசணிக்காயாட்ட வீங்கியிருக்கும். உங்களுக்கு நல்ல ஒடம்புங்க" என்றார். என் வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். குனியவில்லை. "வீங்கலையில்ல, அப்பறம் என்ன, முனியப்பன் காப்பாத்திப்புட்டான்" என்றார்.

முனியப்பனுக்குச் சேவல் அறுத்தார்கள் ஐயா! என் கால் வீங்காததற்கு நேர்ந்துகொண்டு சேவல் அறுத்தார்கள். குழம்பு வைத்தது நான். அந்த ஓட்டைக் காலோடு அடுப்புக்கும் கிணற்றடிக்கும் நடந்து, வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் பரிமாறினேன்.

ஓட்டை மூடவே இல்லை. வலியும் இல்லை. பொட்டலத்தில் இருந்த மாத்திரைகள்தான் வலியை எழவிடவில்லையே. ஆனால் கால் என்னவோ வேறு யாருடையதோ மாதிரி கனத்தது. ஒருநாள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது மெல்லிய நாற்றம் அடித்தது. பண்ணை நாற்றத்திலேயே வாழ்கிறவள் நான். செத்த கோழியின் நாற்றமும் அழுகிய முட்டையின் நாற்றமும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். இது இரண்டும் இல்லை. "ஏனுங்க, கால்ல என்னமோ வாடை வருதுங்க" என்றேன். "கொட்டாயில மிதிச்சிருப்ப. கழுவிப்போட்டு வா புள்ள" என்றார். கழுவிவிட்டு வந்தேன். வாடை என்னோடு திரும்பி வந்தது.

அசதியாக இருக்கிறது என்று சொன்னதற்குக் கொழுந்தனார் ரத்தம் எடுத்துச் சோதிக்க வைத்தார். வெள்ளையணுக்கள் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன. சர்க்கரையும் ஏறியிருந்தது. "சக்கரைக்கு ஒரு மாத்திரை சேத்திக்கலாமுங்க. வெள்ளையணு கூடத்தான் இருக்குது, அது கிருமியோட சண்டை போடற பட்டாளமுங்க அண்ணி. பட்டாளம் நெறையா இருக்கறப்ப என்னுங்க பயம்?" என்றார். எனக்கும் அது தைரியமாகத்தான் இருந்தது. பட்டாளம் நிறைய இருக்கிறது, காலைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன்.

பெருவிரல் கறுத்த அன்று சேலத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அறுவை செய்கிற டாக்டர் ஒரு பெண். என்னைவிட வயதில் சின்னவர். காலை அமுக்கினார், மோந்து பார்த்தார், எலும்பு வரைக்கும் அழுகிவிட்டது, சீக்கிரம் எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். என் வீட்டுக்காரர் சண்டைக்குப் போனார்.

"வீக்கமே இல்லீங்களே டாக்டர்! வீங்காத காலை எதுக்குங்க வெட்டறீங்க?"

"வீங்கலைங்கறதுதாங்க இங்க பிரச்சினையே. இவங்க வலிக்கு என்ன மாத்திரை போடறாங்க?" என்று கேட்டார் அந்த டாக்டர்.

கொழுந்தனார் மெதுவாகச் சொன்னார். குட்டி மாத்திரையின் பெயர் வந்ததும் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் கட்டிலில் உட்கார்ந்து, அவர்களிடம் இல்லை, என்னிடம் சொன்னார். என் உடம்பில் என்ன நடந்தது என்று என்னிடம் முதன்முதலாகச் சொன்ன ஆள் அவர்தான்.

என் கையில் ஏறிக்கொண்டிருந்த சலைன் குழாயைத் தொட்டுக் காட்டினார். "ரத்தக் குழாய் இப்படித்தாம்மா. வெள்ளையணு உள்ள ஓடிக்கிட்டே இருக்கும். ரத்தத்துல ஓடறதால மட்டும் ஒரு பிரயோஜனமும் இல்லை. கிருமி இருக்கிறது வெளியே, சதையில. அதனால வெள்ளையணு குழாயை விட்டு இறங்கணும். கம்பி குத்துனதும், தோலுக்கடியில குடியிருக்கிற காவல் அணுக்கள் முதல்ல சத்தம் கொடுக்கும். அதைக் கேட்டுப் பக்கத்து ரத்தக் குழாய் சுவரெல்லாம் பசை மாதிரி ஒட்ட ஆரம்பிக்கும். ஓடற வெள்ளையணு அந்தச் சுவரைத் தொட்டு, உருண்டு, வேகம் குறைஞ்சு, ஒட்டி நிக்கும். அப்புறம் சுவர்ல இருக்கிற இடுக்குல தன் உடம்பை நசுக்கிக்கிட்டு வெளியே வரும். வாசம் பிடிச்ச மாதிரி காயத்தை நோக்கி ஊர்ந்து போகும். கிருமியை முழுங்கும். முழுங்கிட்டுச் செத்தும் போகும். அந்தப் பிணக் குவியல்தான் சீழ். வெள்ளையணு வர வழியைத் திறந்து விடறதாலதான் சிவக்குது, சுடுது, வீங்குது."

"நான் போட்ட மாத்திரை என்னுங்க பண்ணுச்சு?"

"காவல் அணுவோட சத்தத்தை அமுக்கிடுச்சு. சுவரை வழுவழுப்பா ஆக்கிடுச்சு. ஒட்ட இடமில்லை, இறங்க வழியில்லை. அதனால எல்லாம் ரத்தத்துலயே சுத்துது. ரிப்போர்ட்டுல எண்ணிக்கை அதிகமா காட்டுனதுக்கு அதுவும் ஒரு காரணம்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பைபாஸ் ரைடர் பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். உள்ளே ஆள் நிறைந்திருக்கும். கை காட்டினால் நிற்காது. அப்படியே என் பட்டாளமும் என் காலைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது. அதே பாதத்தில், அழுகிற சதைக்குப் பக்கத்துக் குழாயில், ஒரு மயிரிழை தூரத்தில் ஓடியிருக்கிறது. காப்பாற்ற வந்தவர்கள் இறங்க முடியாமல் போய்விட்டார்கள். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. யாரை வைவது? பாசமாகக் கொடுத்தவரை எந்த வார்த்தையால் வைவது?

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் அவருக்குப் புரியாமல் போகுமா? வீங்கலீன்னா ஒடம்பு தூங்குதுன்னு அர்த்தம் என்று கொட்டகையே அதிரக் கத்தின வாய் அது. இப்போது அந்த வாயில் ஈ புகுந்தாலும் தெரிந்திருக்காது. கோழிக்குத் தெரிந்த நியாயம் பெண்டாட்டிக்கு வரும்போது எங்கே போனதோ.

காலை எடுத்தார்கள். கொழுந்தனார் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். "தெரியாமப் பண்ணிப்புட்டனுங்க அண்ணி" என்றார். "தெரியாமத்தான் இத்தனை நாளா கடை நடத்துனீங்களா?" என்று கேட்டேன். அதற்கு மேல் அவர் அழுகை எனக்குத் தேவைப்படவில்லை. இனி யாருக்கும் செட் கட்டித் தரமாட்டேன் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, "நான் குடுக்கலீன்னா பக்கத்துக் கடையில வாங்கறாங்க, என்னுங்க பண்றது?" என்றார். பழையபடி கட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்கு மட்டும் கொண்டுவருவதில்லை. அதுவரைக்கும் புண்ணியம்.

குட்டி மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தார். குறையக் குறைய பழைய வலியெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. பாரம் முழுவதையும் தாங்கின வலது முழங்கால் இரண்டுக்கும் சேர்த்து வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். முகத்தின் ஊதல் வற்றியது. "ஐயோ, இளைச்சுப் போயிட்டீங்களே" என்று அதே ஒரம்பரைகள் வந்து வருத்தப்பட்டுவிட்டுப் போனார்கள்.

மாத்திரை முழுவதுமாக நின்று மாதங்கள் ஆன பிறகுதான் இது நடந்தது. களத்து ஓரமாக ஊன்றுகோலோடு நடந்தபோது வலது பாதத்தில் வேலாமுள் ஏறிவிட்டது. இருக்கிற ஒரே கால். மறுநாள் அது புடைத்துக்கொண்டு நின்றது. சிவந்து, பளபளத்து, தொட்டால் அடுப்புச் சட்டியாகச் சுட்டது. ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் தெறித்தது. வீடே அலறியது. கொழுந்தனார் வண்டியில் பறந்து வந்தார், கையில் காகிதப் பொட்டலம்.

"அண்ணி, ஒரே ஒரு வேளைங்க. வீக்கத்தை வத்த வெச்சுப்போட்டு அப்பறமா டாக்டருகிட்டப் போலாமுங்க."

"ஆமா புள்ள, இருக்கறதும் போயிரப் போவுது. போட்டுக்க" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு வந்த கோபத்தில் ஊன்றுகோலை ஓங்கிவிட்டேன். "கிட்ட வந்தீங்கன்னா மண்டை ஒடஞ்சுபோகும்! இந்தக் காலைக் காப்பாத்தறதுக்கு என்ற ஒடம்பு இப்பத்தான் எந்திரிச்சு வந்திருக்குது. அதையும் அடிச்சுத் தூங்க வெக்கறதுக்கு வந்திருக்கறீங்களா?" இரண்டு பேரும் கதவு ஓரத்துக்குப் போய்விட்டார்கள். உடனே சேலத்துக்கு வண்டி எடுக்கச் சொன்னேன்.

டாக்டர் பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். "இந்தத் தடவை வெள்ளையணுவெல்லாம் இறங்கிட்டாங்கம்மா" என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கால் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை. முள் முனையை எடுத்துச் சீழை வடித்தார், கிருமிக்கு மாத்திரை எழுதினார். சிவப்பு எதுவரைக்கும் இருக்கிறதோ அதைச் சுற்றிப் பேனாவால் தோலில் கோடு போட்டார். "இவங்க வந்துட்டாங்கங்கறதுக்காகச் சும்மா இருந்துடக் கூடாது. ஜெயிக்கிறாங்களான்னு பாக்கணும். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினா எந்த நேரமானாலும் கிளம்பி வந்துடணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து காலை நாற்காலி மேல் நீட்டி வைத்தேன். கோடு போட்டது உள்ளங்காலின் ஓரத்தில். குனிந்து பார்க்க என்னால் முடியவில்லை. மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் கொட்டகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கண்ணாடியை எடுத்துச் சட்டைப் பையில் செருகினார். குஞ்சுகளுக்கு ஊசி பிடித்திருக்கிறதா என்று பார்க்கிற நாள் அது.

"ஏனுங்க, அந்தக் கண்ணாடியை இங்கயே மாட்டுங்க. என்ற காலையும் பாத்துட்டுப் போங்க. கோட்டைத் தாண்டியிருக்குதா?" என்றேன்.

திரும்பி வந்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தரையில் மண்டியிட்டு, என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். கோழி இறக்கையைத் தடவுகிற அதே விரல். மெதுவாக, கோடு முழுவதையும் சுற்றித் தடவினார்.

"தாண்டலை. உள்ளயே சுருங்கிக்கிட்டு வருது" என்றார். கொஞ்சம் கழித்து, "பொழச்சுக்கும் புள்ள" என்றார்.

"அந்தக் காலுக்கும் ஒருதரம் இப்படிக் குனிஞ்சிருக்கலாமுங்க."

அவர் தரையில் கை ஊன்றி எழுந்தபோது சட்டைப் பையிலிருந்து என்னவோ நழுவி என் காலடியில் விழுந்தது. ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். என்னைப் பார்த்தார். "இடுப்பு வலிக்கு" என்று முனகினார். எடுத்து, தூசி தட்டி, பையிலேயே போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார்.

அவருக்கு இன்னும் இரண்டு கால் இருக்கிறது.